கண்ணாடி எதுவரை வருகிறது?

அன்புத் தம்பிக்கு,

மும்பை சீத்தா கேம்ப் வீட்டுக்குப் பழைய கேபிள் நெட்டை விட்டுவிட்டு ஃபைபர் போடப்போவதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் நடுவே ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, “ஒளி மின்சாரத்தைவிட வேகமாக ஓடும், அதனால்தானே ஃபைபர் வேகம்?” என்று, அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இல்லவே இல்லை! கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. செப்புக் கம்பியில் போகும் சைகையும் கிட்டத்தட்ட அதே வேகம்தான்.

வேறுபாடு, வழியில் எவ்வளவு தேய்கிறது என்பதில். தொலைபேசிக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் 2+ ஏட்டளவில் 24 எம்பிபிஎஸ் தரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப் போகப் போக அது சரசரவென்று இறங்கும். அதிர்வெண்ணைக் கூட்டினால் செம்பு சைகையைத் தின்றுவிடும்.

கண்ணாடியில் இந்தத் தேய்மானம் குறைந்த கதையில் சார்லஸ் காவோவைச் சொல்லாமல் நகரக் கூடாது. 1966-ல் இங்கிலாந்தில் அவரும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அன்றைய கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்கு 1,000 டெசிபெல் அளவுக்கு இழப்பு இருந்தது. குற்றம் கண்ணாடியிடம் இல்லை, அதில் கலந்த இரும்பு போன்ற மாசுகளிடம்தான். இழப்பை 20 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்தால் தொலைத்தொடர்புக்கு ஆகும் என்று வாதிட்டார்கள். 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீட்டர் முடிவில் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும். அவ்வளவுதான் கேட்டார்கள்! 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த இலக்கை எட்டியது. இன்றைய இழையில் இழப்பு 0.2 டெசிபெல், அதே நூற்றில் ஒரு பங்குக்கு ஒளி தேய 100 கிலோமீட்டர் ஆகிறது. காவோவுக்கு நோபல் கிடைத்தது 2009-ல். அப்படியொரு இழை உலகில் எங்குமே இல்லாதபோது கணக்கை நம்பி எழுதிய கட்டுரை அது. கிடைத்தால் அவசியம் படி.

ஆகவே, கண்ணாடி எதுவரை வருகிறது என்று பார். தெருமுனைப் பெட்டிவரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்கு லேன் வயர் என்றாலும் ‘ஃபைபர்’ என்றே சொல்லி விற்பார்கள். ஏமாறாதே. சுவரைத் துளைத்து வரும் மெல்லிய வயர், பெரும்பாலும் பச்சைத் தலையோடு, நேரே வீட்டிலுள்ள மோடம் பெட்டியில் செருகப்பட்டால் அதுதான் முழு ஃபைபர். ஆணியில் மாட்டி மடக்க விடாதே. கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசியும்.

இன்னொன்று உங்கள் பகுதிக்கே உரியது. 1976-ல் ஜனதா காலனியைக் காலிசெய்து, அங்கிருந்தவர்களைக் குடியேற்றிய இடம் சீத்தா கேம்ப். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கு வீடு வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. ஒரே சந்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டுப் பேசுவது போலத்தான். ஃபைபர் வந்தும் கைபேசியில் வேகம் இல்லை என்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்று. அது சுவர் தாண்டி அதிகம் போகாது. அங்கே அதுவே நன்மை. படிக்கும் கணினிக்கு வயரே போட்டுவிடு.

கரண்ட் போனால் மோடம் பெட்டி அணைந்துவிடும், சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கு. பதிவிறக்கத்தை மட்டும் கேட்காமல் பதிவேற்ற வேகத்தையும் கேள். அக்காவின் ஆன்லைன் வகுப்புக்கு அதுதான் முக்கியம். புது இணைப்பு சில நாள் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகே பழையதை நிறுத்து. பழைய மோடத்தை ஒப்படைத்து ரசீது வாங்கு, கட்டிய முன்பணத்தையும் மறக்காமல் கேள்.

அன்புடன்,
பெரியப்பா