ஜரிகையில் ஓடும் வானவில்



தொட்டியத்தில் டிவி, ஹோம் தியேட்டர் வேலையில் இறங்கியிருக்கும் உன்னிடம் வீடுவீடாகக் கேட்கப்போகும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “புது டிவி வாங்குனோம், கல்யாண டிவிடி போட்டா பாக்க சகிக்கல, பிளேயர் போச்சா?” 2006இல் தமிழக அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய வண்ணத் தொலைக்காட்சி 14 அங்குலப் பெட்டி. அதில் பளிச்சென்று இருந்த அதே டிஸ்க், அதே பிளேயரில், 40 அங்குலத் திரையில் கலங்கித் தெரிகிறது. நம் ஊர் ‘பால்’ முறை டிவிடியில் ஒரு படத்துக்கு 720க்கு 576, அதாவது ஏறத்தாழ 4.15 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி திரையில் 20.7 லட்சம். ஒரு புள்ளியை ஐந்தாக்கும் வேலையை டிவியோ பிளேயரோ செய்தாக வேண்டும். செய்வது யார் என்று பார்க்காமல் பிளேயர் மேல் பழி போடாதே. டிஸ்க், பிளேயர், வயர், டிவி, ஸ்பீக்கர் என்று போகும் வரிசையில் தரம் எங்கோ ஓரிடத்தில் கெடுகிறது. மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் அந்த இடம் பிடிபடும்.

இதற்குச் சோதனை டிஸ்க் தேடி அலைய வேண்டாம், கல்யாண டிஸ்க்கே போதும். பட்டுப்புடவையின் ஜரிகையைப் பார். நெருக்கமான கோடுகளின் மேல் இல்லாத நிறங்கள் ஊர்ந்தால் முதல் சந்தேகம் மஞ்சள் முனை ஏவி வயர் மேல் விழட்டும். அந்த ஒற்றை வயர் வெளிச்சத்தையும் நிறத்தையும் கலந்தே அனுப்புகிறது. திரும்பப் பிரிக்கும்போது டிவி ஜரிகைக் கோட்டையே நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. எச்டிஎம்ஐ வயரையோ பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட காம்போனென்ட் வயரையோ செருகிப் பார். (பிளேயர் மெனுவிலும் மாற்ற வேண்டும், பலர் இதை மறந்துவிட்டு வயரைத் திட்டுவார்கள்.) வானவில் மறைந்தால் பிளேயர் நிரபராதி. மறையாவிட்டால், டேப்பிலிருந்து ஏற்றும்போதே அது டிஸ்க்கில் பதிந்திருக்கலாம். நிறத்துக்குப் பந்தல் வாசலில் கட்டிய வாழைமரம் இருக்கிறது. தொட்டியத்துக் கண்ணுக்கு வாழையிலைப் பச்சையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது பெயின்ட் போல மின்னினால் டிவி கடைக்கான பளபளப்பு அமைப்பிலேயே இருக்கிறது என்று பொருள். பிளேயருக்குப் பிளேயர் அதிகம் வித்தியாசப்படுவது அசைவில்தான். ஊர்வலத்தில் நடப்பவர்களின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிளந்தால், நொடிக்கு 50 அரைப்படங்களை முழுப்படமாகச் சேர்த்துத் தைக்கும் வேலை சரியில்லை. அந்த வேலையை ஒரு முறை பிளேயரிடமும் ஒரு முறை டிவியிடமும் விட்டுப் பார்த்து முடிவு செய்.

சினிமா டிஸ்க் என்றால் அதில் எவ்வளவு திணித்திருக்கிறார்கள் என்று முதலில் கணக்குப் போடு. ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை அதில் ஏற்றினால் நொடிக்குச் சராசரி 4 மெகாபிட் கிடைக்கும்; மூன்று படங்களை அடைத்த ‘3 இன் 1’ டிஸ்க்கில் 1.4தான். டிவிடி முறை படத்துக்கு 9.8 வரை இடம் கொடுக்கிறது. பாட்டுக்காட்சியில் புகையும் தண்ணீரும் கட்டம்கட்டமாக உடைவதற்கு இந்தச் சிக்கனமே காரணம். எந்த விலைப் பிளேயரும் டிஸ்க்கில் இல்லாததைக் கொண்டுவராது.

ஒலியில் ஏமாறுவது இன்னும் சுலபம். இரண்டு பிளேயர்களில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தால், காது அதையே தெளிவு என்று நம்பிவிடும். ஆகவே சத்தத்தைச் சமமாக்காமல் ஒப்பிடாதே. “பாட்டு கேக்குது, பேச்சு கேக்கல” என்ற புகாருக்குப் பெரும்பாலும் மெனுவே மருந்து: பிளேயர் 5.1 என்று இருக்கும், ஸ்பீக்கர் இரண்டே இருக்கும், பேச்சைச் சுமக்கும் நடு சேனல் போக இடமில்லாமல் நிற்கும். ஸ்டீரியோவுக்கு மாற்றினால் பேச்சு வந்துவிடும். நொடிக்கு 24 படமாக எடுத்த சினிமாவை ‘பால்’ முறையில் 25ஆக ஓட்டும்போது இரண்டரை மணிப் படம் ஆறு நிமிடம் சுருங்குகிறது. ஏற்றியபோது ஒலியைத் திருத்தாவிட்டால் சுருதியும் ஒரு சுரஸ்தானத்தில் 0.7 பங்கு ஏறிவிடுகிறது. ரேடியோவில் கேட்ட பாட்டு டிவிடியில் கீச்சென்றிருப்பதாக ஒரு பெரியவர் சொன்னால் சிரிக்காதே; அவர் காது சரியாகவே இருக்கலாம். நாகஸ்வரத்தோடு தவில் சேரும் கெட்டிமேளம், ஸ்ரீரங்கத்து அரையர் சேவையின் கைத்தாளம், இரண்டும் நல்ல பரீட்சை. தாளத்தின் ரீங்காரம் தேயாமல் சரசரத்து அறுந்தால் ஒலியை அளவுக்கு மீறிச் சுருக்கியிருக்கிறார்கள்.

எல்லாம் டிஜிட்டல், பிளேயரில் என்ன வித்தியாசம் என்பார்கள். பாதி உண்மை. பிழைதிருத்தம் வெற்றிபெறும் வரை எல்லாப் பிளேயரும் ஒரே எண்களைத்தான் படிக்கும். அதனால்தான் கீறலால் நிறம் மங்காது. படம் சதுரமாக உடையும், உறையும். வெளுத்த படத்துக்கு டிஸ்க்கின் வயதைக் காரணம் காட்டுவது தவறு. ஆனால் படித்த எண்களை அனலாக் ஆக்குவது, பெரிதாக்குவது, அரைப்படங்களைச் சேர்ப்பது எல்லாம் ஒவ்வொரு பிளேயரின் சொந்த வேலை. இன்னொரு கேள்வி: வீட்டுக்காரருக்கே பளபளப்பு பிடித்திருந்தால் நாம் யார் தடுக்க? தடுக்க வேண்டாம், அப்படியே வைத்துக்கொடு. ஆனால் அது டிவி அமைப்பு என்று சொல்லிவிடு. அதற்காகப் புதுப் பிளேயர் வாங்க வைக்காதே.

கல்யாணம், பங்குனித் திருவிழா என்று பதிவான டிஸ்க்குகள் பெரும்பாலும் சாய அடுக்கில் எழுதப்பட்டவை. வெயிலும் வெக்கையும் அந்தச் சாயத்தை அரிக்கும். எனவே பிளேயரைச் சோதிக்கும் முன், டிஸ்க் ஓடும் நிலையில் இருக்கும்போதே, அதில் படத்தைச் சுமக்கும் விஓபி (VOB) கோப்புகளை மறுபடி சுருக்காமல் அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துக் கொடுத்துவிடு.