கேம்பர்வேன்ல வெளிநாடா? மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தம்பி, தங்கச்சிங்களா! மாதவரத்துலயிருந்து கிளம்பி நியூசிலாந்துல கேம்பர்வேன் ஓட்டப் போறீங்களாமே, சந்தோஷம். ஆனா அந்த வண்டிக்கு டிரைவர், சமையல்காரர், கக்கூஸ் கழுவுறவர் எல்லாமே நீங்கதான். அதனால பாதி வேலையை இங்கேயே முடிச்சிட்டுப் போங்க.

1. நாடும் மாசமும்: முதல் தடவைக்கு நம்மளை மாதிரி இடதுபக்கம் ஓட்டுற நாடே போதும். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் மூணும் அப்படித்தான். நியூசிலாந்துல கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. நம்ம மே லீவுல போனா அங்கே குளிர் தொடங்கியிருக்கும். கோடைன்னா வேனைப் பல மாசம் முன்னாடியே பிடிங்க.

2. லைசென்ஸ்: உங்க லைசென்ஸ்ல எல்.எம்.வி. இருக்கான்னு முதல்ல பாருங்க. பைக் லைசென்ஸை வெச்சுக்கிட்டு வேன் புக் பண்ணாதீங்க! சர்வதேச டிரைவிங் பர்மிட்டை இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயே வாங்கிடுங்க. படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அசல் லைசென்ஸ் இல்லாம அது மட்டும் உதவாது, ரெண்டையும் எடுத்துக்கோங்க.

3. எந்த வேன்? ஆட்டோமேட்டிக், உள்ளேயே பொருத்தின டாய்லெட், இந்த ரெண்டும் வேணும். 2023-ல வந்த நியூசிலாந்து சட்டப்படி, டாய்லெட் நிரந்தரமா பொருத்தி, சான்று வாங்கி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டின வாடகை வேனைத்தான் கேம்ப் கிரவுண்டுக்கு வெளியே பெரும்பாலான இலவச இடங்கள்ல நிறுத்தித் தூங்கலாம். மலிவா கிடைக்குதேன்னு டாய்லெட் இல்லாத வண்டியை எடுத்துட்டு ராத்திரி இடம் தேடி அலையாதீங்க.

4. சாப்பாட்டு மூட்டை: காசிமேட்டுக் கருவாடு, கறிவேப்பிலை, ஊறுகாய்னு அடுக்காதீங்க. சாப்பிடுற பொருள் எதுவா இருந்தாலும் இறங்கும்போது ஃபாரத்துல எழுதிடணும். மறைச்சா அந்த இடத்துலயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மண் ஒட்டின ஷூவுக்கும் இதே கதைதான், கழுவி எடுத்துட்டுப் போங்க. அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் ஆக்லாந்து இந்தியக் கடைகள்லயே கிடைக்குது.

5. சமையல்: மிக்ஸியை வெச்சிட்டுப் போங்க. கேம்ப் கிரவுண்டுல கரண்ட் இணைப்பு இருக்கிற இடத்துல நிறுத்தினாதான் பிளக் பாயிண்ட் வேலை செய்யும். மத்த நேரம் பேட்டரியில விளக்கும் ஃபிரிட்ஜும்தான், சமையலுக்கு கேஸ். நம்ம உருண்டைப் பின் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் வாங்குங்க. வேனுக்குள்ள வடை, பஜ்ஜி சுடாதீங்க. எண்ணெய் வாடை மெத்தையில ஏறினா நாலு நாளைக்கும் போகாது.

6. ஓட்டுறது: மாதவரம் ரவுண்டானாவுல மூக்கை நுழைச்சவனுக்குத்தான் வழி. அங்கே ரவுண்டானாவுல வலதுபக்கத்துலயிருந்து வர்ற வண்டிக்கு வழி விட்டே ஆகணும். ஒரு நேரத்துல ஒரு பக்கத்து வண்டி மட்டும் போற குறுகலான பாலம் நிறைய வரும். போர்டுல உங்க பக்கத்து அம்புக்குறி சின்னதா சிவப்பா இருந்தா எதிரே வர்ற வண்டிக்கு வழி விடுங்க. பின்னாடி வண்டி சேர்ந்தா ஓரங்கட்டி விடுங்க, ஹாரன் அடிக்காதீங்க. மேப் காட்டுற நேரத்தை நம்பாம ஒண்ணரை மடங்கு வெச்சுக்கோங்க, இருட்டுறதுக்குள்ள நிறுத்துங்க.

7. கழிவுத் தண்ணி: டாய்லெட் பெட்டியையும் சிங்க் தண்ணியையும் அதுக்குன்னு இருக்கிற டம்ப் ஸ்டேஷன்லதான் கொட்டணும். யார் கொட்டுறதுன்னு இங்கேயே பேசி முடிச்சிடுங்க, இல்லேன்னா அங்கே போய் சண்டைதான். கையுறை ஒரு பாக்கெட் எடுத்துக்கோங்க.

8. பணம்: வாடகையோட செலவு முடியாது. டீசல் வண்டின்னா ஓட்டின கிலோமீட்டருக்கு சாலை வரி தனியா உண்டு. இன்ஷூரன்ஸ்ல உங்க தலையில விழுற தொகை எவ்வளவுன்னு கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க. வண்டி எடுக்கும்போது கூரை, கண்ணாடி, டயர் எல்லாத்தையும் வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க.

9. ரெண்டு தீவும் வேணாம்: நியூசிலாந்தோட வட தீவுக்கும் தென் தீவுக்கும் நடுவுல குக் ஜலசந்தி. வடக்குல வெலிங்டன்லயிருந்து தெற்குல பிக்டனுக்குக் கப்பல்லயே சுமார் மூணரை மணி நேரம், வேனுக்கும் சேர்த்து டிக்கெட். பத்து நாள் லீவுன்னா கிறைஸ்ட்சர்ச்ல வேனை எடுத்து தென் தீவை மட்டும் சுத்துங்க.

கடைசியா ஒண்ணு. பெட்டியில பாதியை வெளியே எடுங்க, லிஸ்ட்ல பாதி ஊரை அடிங்க. மிச்சம் இருக்கிறதை நிதானமா பாருங்க, அதுவே போதும்!