செல்லுக்குள் ஒரு சுவிட்ச்

கேள்வி: தீக்குச்சி ஒன்று பற்றும், இல்லாவிட்டால் பற்றாது, நடுவில் நிற்பதில்லை. உயிருள்ள செல்லுக்குள்ளும் இப்படி ஒரு சுவிட்ச் உண்டாமே? அதை முதலில் கண்டது யார்?
- ஒரு வாசகர், சிவகாசி

பதில்: உரசலில் எழும் சூடு ஓர் அளவைத் தாண்டினால், குச்சி மருந்தின் வினை தன்னையே மேலும் சூடேற்றிக்கொள்கிறது, தாண்டாவிட்டால் ஆறிவிடுகிறது. செல்லிலும் இதே குணம் உண்டு. ஆனால் எரிந்த குச்சி திரும்பாது, செல் திரும்பும்.

ஒன்றையொன்று தடுக்கும் வினைகள் இருந்தால் செல் இரண்டு நிலைகளில் நிலைக்கலாம் என்று மாக்ஸ் டெல்புரூக் 1949-லேயே எழுதினார். அதைச் சோதனையில் காட்டிய பெருமை ஆரன் நோவிக், மில்டன் வெய்னர் இருவருக்கும் உரியது. 1957-ல் அவர்கள் ஈ.கோலி பாக்டீரியாவுக்கு, லாக்டோஸைப் போலத் தூண்டினாலும் செரிக்காத ஒரு வேதிப்பொருளைக் குறைந்த அளவில் கொடுத்தார்கள். (செரித்திருந்தால் தூண்டுபொருளின் அளவே மாறிக் கணக்கு குழம்பியிருக்கும்.) எல்லாச் செல்களும் லாக்டோஸைச் செரிக்கும் என்சைமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யவில்லை. சில முழுவேகத்தில் செய்தன, மற்றவை சும்மா இருந்தன. காரணம், அந்தப் பொருளை உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று உண்டு. பொருள் உள்ளே வர வர அந்தப் புரதமும் பெருகும். தூண்டப்பட்ட செல்களையும் தூண்டப்படாதவற்றையும் ஒரே குறைந்த அளவில் வளர்த்தபோது, இரண்டின் சந்ததிகளும் பல தலைமுறை தத்தம் நிலையிலேயே நீடித்தன.

ஒரே மரபணு, ஒரே உணவு, நிலை மட்டும் இரண்டு!

இதைக் கணிதம் ஒரே வரைபடத்தில் விளக்கிவிடும். புரதம் உருவாகும் வேகத்தை ஒரு கோடாகவும், குறையும் வேகத்தை இன்னொரு கோடாகவும் வரைய வேண்டும். குறைவது நேர்கோடு. உருவாவது 'எஸ்' எழுத்துபோல் வளைந்தால் இரண்டும் மூன்று இடங்களில் வெட்டலாம். முதல் வெட்டும் கடைசி வெட்டும் செல் தங்கும் நிலைகள். நடுவிலிருப்பது எந்தப் பக்கம் போவது என்பதைத் தீர்க்கும் எல்லை. அந்த வளைவு இல்லையென்றால் சுவிட்சும் இல்லை.

இதே கணக்கை வழிகாட்டியாக வைத்து, 2000-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிமத்தி கார்ட்னர், சார்ல்ஸ் கேன்டர், ஜேம்ஸ் காலின்ஸ் மூவரும் ஒன்றையொன்று அடக்கும் இரண்டு மரபணுக்களால் செயற்கைச் சுவிட்சையே கட்டினார்கள். ஒரு வேதிப்பொருள் அதை ஒரு பக்கம் திருப்பியது. சற்று நேரச் சூடு மறுபக்கம் திருப்பியது. தூண்டுதலை எடுத்த பிறகும் செல் அதே நிலையில் நின்றது.

இந்தியத் தொடர்பும் உண்டு. பின்னாளில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சேர்ந்த முகுந்த் தட்டை இடம்பெற்ற குழு, நோவிக்கும் வெய்னரும் கண்ட சுவிட்சை 2004-ல் பச்சை ஒளிரும் புரதம் கொண்டு அளந்தது. மரபணுவை அடக்கும் புரதத்தை வேறு டிஎன்ஏ துண்டுகளில் சிக்கவைத்து அதன் பலத்தைக் குறைத்தபோது, இருநிலை மறைந்து, பச்சை ஒளி படிப்படியாக உயர்ந்தது.