டைமர் மாட்டினால் ஏசி தானாக ஓடுமா?

மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குக் காத்திருந்து பழகிய விவசாயிக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் புதிய சாமான் அல்ல. கரன்ட் வந்ததும் மோட்டார் தானாக எடுக்கும், டைமர் சொன்ன நேரத்தில் நிற்கும். ஆலங்காயம், திருப்பத்தூர் அடிவாரத்தில் மோட்டார் கொட்டகை தவறாமல் இதைப் பார்க்கலாம். ஜவ்வாது மலையின் மேலே புதூர்நாட்டுப் பக்கம் சாமை மானாவாரிப் பயிர்தான். ஆனாலும் கிணறும் போரும் உள்ள நிலங்களில் இந்த வேலை தெரிந்த கைகள் உண்டு. வயர் செருகி, ரிலே மாற்றி, ஸ்டார்ட்டரைத் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் போர்ட்டபிள் ஏசி என்று வரும்போது அதே அறிவுதான் ஆளைத் தடுமாற வைக்கிறது. மோட்டாருக்குச் சரியாக இருப்பது ஏசிக்கு ஏன் சரிப்படாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

“மலையில் இருப்பவனுக்கு ஏசி எதற்கு?”

இதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். இதே மலைத்தொடரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். கீழே திருப்பத்தூர் ஏறக்குறைய 400 மீட்டர். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் இரண்டுக்கும் நடுவே 2 டிகிரிதான் வித்தியாசம். ஊட்டியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இது தெரியாது. புல் வேய்ந்த கூரையும் மண்சுவரும் இருந்த வீட்டில் இந்த 2 டிகிரியே போதுமானதாக இருந்தது. இப்போது தலைக்கு மேல் கான்கிரீட் தளம். பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது முன்னிரவில் கக்குகிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஜன்னலைத் திறந்தாலே போதும், வெளிக்காற்று குளிர்ந்துவிடும். ஆகவே கைக்குழந்தையோ படுக்கையில் முதியவரோ இருக்கும் வீட்டுக்கு முன்னிரவில் மூன்று மணி நேரம் ஏசி ஓடினால் போதும். டைமர் கேட்பது நியாயமான ஆசை. ஏசியிலேயே டைமர் இருக்கிறதே என்றால், பெரும்பாலான போர்ட்டபிள் ஏசிகளில் அது ஒரு தடவைக்கு மட்டும். அன்றன்றைக்குப் புதிதாக வைக்க வேண்டும். அதனால்தான் வெளியிலிருந்து ஒரு டைமரை மாட்டப் பார்க்கிறார்கள்.

“பிளக்கில் டைமரைச் செருகினால் நேரத்துக்கு ஓடும்”

நிறுத்துவது நடக்கும். ஓடவைப்பதுதான் நடக்காது. திருகு ஸ்விட்ச் வைத்த பழைய ஜன்னல் ஏசியில் நடக்கும். ஸ்விட்ச் ‘கூல்’ என்ற இடத்திலேயே நிற்பதால் கரன்ட் வந்ததும் எடுத்துக்கொள்ளும், மோட்டாரைப் போல. தொடு பட்டனும் ரிமோட்டும் உள்ள போர்ட்டபிள் ஏசிக்குள் இருப்பது ஒரு சிறிய கணினிப் பலகை. கரன்ட் வந்ததும் அது விழித்துக்கொள்ளும், ஒரு பீப் சத்தம் கொடுக்கும், அதோடு யாராவது பட்டனை அழுத்தும்வரை சும்மா இருக்கும். இதைப் பழுது என்று கடையில் சண்டை போட வேண்டாம். ஆள் இல்லாத வீட்டில் தானாக ஓடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

சில மாடல்களில் ‘ஆட்டோ ரீஸ்டார்ட்’ இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று அறிய விற்பனையாளரைக் கேட்க வேண்டியதில்லை. ஏசியைக் ‘கூல்’ நிலையில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சுவர் ஸ்விட்ச்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். விட்ட இடத்திலிருந்து குளிர்காற்று வந்தால் அந்த வசதி உண்டு, வெளி டைமரைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கலாம். வராவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டைமரும் அதைக் கிளப்பாது.

“டைமரில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே”

டைமரைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படியுங்கள். பல டைமர்களில் 16 என்ற எண்ணை ஒட்டி அடைப்புக்குறிக்குள் 2 என்று இன்னொரு எண் சிறியதாக இருக்கும். 16 என்பது ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்ற வெறும் சூட்டுச் சாமான்களுக்கு. மோட்டார் வகைச் சுமைக்கு அந்த டைமர் தாங்குவது 2 ஆம்பியர்தான். ஏசிக்குள் இருக்கும் கம்ப்ரஸர் ஒரு மோட்டார். ஒரு டன் போர்ட்டபிள் ஏசி ஓடும்போது 5 முதல் 7 ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் அதைப்போல நான்கைந்து மடங்கு. அந்த இழுப்பில் டைமரின் உள்முனைகள் பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் டைமர் ‘ஆஃப்’ காட்டும், ஏசி விடியவிடிய ஓடும். முனைகள் தேய்ந்து சூடேறினாலோ பிளாஸ்டிக் உருகும். படுக்கை அறையில், எல்லோரும் தூங்கும் நேரத்தில்.

மோட்டார் கொட்டகையில் இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது: கான்டாக்டர். டைமர் கான்டாக்டரின் சுருளுக்கு மட்டும் கரன்ட் கொடுக்கும், கனமான வேலையைக் கான்டாக்டர் செய்யும். ஆட்டோ ரீஸ்டார்ட் உள்ள ஏசிக்கு இதே முறைதான், மோட்டார் சுமைக்கென்று மதிப்பிட்ட கான்டாக்டரோடு, மூடிய பெட்டிக்குள். இந்த இடத்தில் கொட்டகை அறிவு அப்படியே பயன்படுகிறது.

டைமர் வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வட்டத் தட்டில் 15 நிமிடத்துக்கு ஒரு பல் வைத்த, சுழலும் டைமர் மலிவு. ஆனால் அது கரன்ட்டில் சுழல்வது. இரண்டு மணி நேரம் கரன்ட் போனால் அதன் கடிகாரமும் இரண்டு மணி நேரம் பின்தங்கும். ஒன்பது மணிக்கு வைத்தது பதினொன்றுக்கு எடுக்கும். மழைக்காற்றில் மரம் சாய்ந்து லைன் போகும் மலை ஊருக்கு, உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர்தான் சரி.

“விட்டு விட்டு ஓடவிட்டால் கரன்ட் மிச்சம்”

இதுவும் கிணற்றடியிலிருந்து வந்ததுதான். தண்ணீர் மெதுவாக ஊறும் போரில் சைக்ளிக் டைமர் போட்டு, கால் மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். போருக்கு அது தேவை, நீர் ஊற நேரம் வேண்டும். ஏசி அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. அறை வைத்த அளவுக்குக் குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்தும், சூடேறினால் எடுக்கும். அதன்மேல் இன்னொரு டைமர் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும்.

குழப்பம் மட்டுமல்ல, கம்ப்ரஸரின் உயிருக்கே கேடு. ஓடும்போது வாயு ஒரு பக்கம் உயர் அழுத்தத்திலும் மறுபக்கம் குறைந்த அழுத்தத்திலும் இருக்கும். நிறுத்திய பின் இரண்டும் சமமாக ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி கரன்ட் கொடுத்தால், எதிர்ப்பக்க அழுத்தத்தைத் தள்ள முடியாமல் கம்ப்ரஸர் முக்கும், சுற்றாமலே கரன்ட்டை இழுத்துச் சூடேறும். காவலுக்கு இருக்கும் ஓவர்லோடு அதை வெட்டும். தினமும் இப்படி நடந்தால் ஒரு நாள் சுருள் கருகும். ஏசியின் பலகையிலும் நல்ல ஸ்டெபிலைசரிலும் மூன்று நிமிடத் தாமதம் வைத்திருப்பது இதற்காகத்தான். பழைய திருகு ஸ்விட்ச் ஏசியில் அது இருக்காது, அங்கே தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் கட்டாயம்.

கரன்ட் விட்டு விட்டு வருவதற்கென்றே கட்டப்பட்ட குளிர்சாதனம் ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டி. 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் கரன்ட் கிடைத்தாலே 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்தைக் காத்துவிடும். சுவர்களுக்குள் பனிக்கட்டி அடுக்கு இருப்பதால் அதற்கு முடிகிறது. படுக்கை அறையின் சுவரில் பனிக்கட்டி இல்லை, பகல் சூடுதான் இருக்கிறது.

மிச்சம் பிடிக்க நேர்வழி வெப்ப அளவைக் கூட்டுவது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது மத்திய எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்கு. நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியிலிருந்து இருக்கிறது. 18-க்கு இறக்காமல் 26-ல் வைத்து மின்விசிறியையும் போட்டுப் பாருங்கள்.

“ரிமோட்டைக் காப்பியடிக்கும் சாதனம் இருந்தால் கவலை இல்லை”

கரன்ட்டை வெட்டாமல், ரிமோட் செய்வதையே நேரத்துக்குச் செய்யும் சாதனம் நல்ல வழிதான். எனக்கும் இதுவே பிடித்த வழி. ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்திலும் ‘ஆன், கூல், 24’ என்று முழு நிலையையும் அனுப்பும். பல போர்ட்டபிள் ஏசிகளின் ரிமோட் வெறும் ‘பட்டன் அழுத்தப்பட்டது’ என்று மட்டும் சொல்லும். ஓடிக்கொண்டிருந்தால் நிற்கும், நின்றிருந்தால் ஓடும். ஒன்பதரைக்குக் கரன்ட் போய்த் திரும்ப வந்து, ஏசி நின்றுகிடக்கிறது என்று வையுங்கள். பன்னிரண்டு மணிக்குச் சாதனம் ‘நிறுத்து’ என்று அனுப்பும் அதே சைகை ஏசியைக் கிளப்பிவிடும். ஆள் அருகில் இல்லாத வீட்டில் இது விளையாட்டு அல்ல. உங்கள் ஏசி எந்த வகை என்று, ரிமோட்டைக் கையால் மறைத்துச் சோதிக்கலாம்: மறைத்தபடி ஒரு தடவை அழுத்துங்கள், பிறகு திறந்து இன்னொரு தடவை. இரண்டாவது அழுத்தத்துக்குப் பிறகு ரிமோட்டின் திரை காட்டுவதும் ஏசி செய்வதும் ஒத்துப்போனால் முழு நிலை வகை. முன்பின்னாக மாறினாலோ ரிமோட்டில் திரையே இல்லாவிட்டாலோ பட்டன் வகை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பிரித்து, பவர் பட்டனின் இரு முனைகளுக்குக் குறுக்கே ஒரு சிறு ரிலேயைச் சாலிடர் வைத்து, அரை நொடி மூடி விடும் முறையும் உண்டு. வேலை செய்யும், ஆனால் அதே முன்பின் சிக்கல் இதிலும் இருக்கிறது. தவிர, மலிவான பலகைகளில் பட்டனின் முனையிலேயே 230 வோல்ட் இருக்கக்கூடும். கைதேர்ந்த மெக்கானிக் அல்லாதவர் தொடவே கூடாது. வாரன்டியும் அன்றே போகும். மலையில் இது சின்ன விஷயம் இல்லை. 30 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தூருக்கு இறங்க வேண்டும்.

“உள்ளே இருப்பது ஏசி வாயு, தீப்பிடிக்காது”

பழைய ஆர்-22-க்கு ஏறக்குறைய சரி. இப்போது வரும் போர்ட்டபிள் ஏசிகள் பலவற்றில் ஆர்-290 இருக்கிறது. அது வேறொன்றுமில்லை, சமையல் கேஸில் கலந்திருக்கும் அதே புரொப்பேன். சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். ஏசிக்குள் அடைப்பதில் பெரும்பாலும் அந்த நாற்றம் சேர்ப்பதில்லை. அளவு சில நூறு கிராம்தான், தொழிற்சாலையில் முத்திரையிட்ட நிலையில் பாதுகாப்பானது. அந்தப் பெட்டிக்குள் நாமாகப் பொறி பறக்கும் சாதாரண ரிலேயை வைத்து மூடினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்-290 என்றோ, தீச்சுடர் குறியோ இருந்தால் உள்வேலையை மறந்துவிடுங்கள். ஆர்-32-வும் லேசாக எரியக்கூடியதுதான்.

“எர்த் பின் இல்லாவிட்டாலும் ஓடுகிறதே”

ஓடும். இரண்டு துளை டைமருக்குள் நுழைய வேண்டும் என்று மூன்றாவது பின்னை வளைத்தோ உடைத்தோ விடுகிறார்கள். போர்ட்டபிள் ஏசியின் அடியில் எப்போதும் தண்ணீர்த் தட்டு இருக்கிறது, உலோகப் பாகங்கள் இருக்கின்றன, அதைத் தள்ளி நகர்த்தும் ஆள் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிற்கிறார். உள்ளே ஒரு வயரின் காப்பு உரிந்தால் அந்தக் கரன்ட் போவதற்கு எர்த் வழி இல்லாதபோது ஆளின் உடம்பு வழியாகத்தான் போகும். 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட், தனி வயர், வீட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் இணைப்பை வெட்டும் ஸ்விட்ச்). டைமரைப் பற்றிய பேச்செல்லாம் இந்த மூன்றும் இருக்கும் வீட்டுக்குத்தான்.