வாலிபரின் உடற்பயிற்சியும் புரதப் பொடியும்

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் உடற்பயிற்சியில் நாட்டம் கொண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. கபடி ஆடுவோரும், ஓட்டப் பந்தயத்திற்குப் பழகுவோரும், உடற்பயிற்சிக் கூடம் சென்று பளு தூக்குவோரும் இன்று சிற்றூர்களிலும் உளர். ஆயினும் இதனோடு புதியதொரு செலவும் வீட்டினுள் நுழைந்துவிட்டது. புரதப் பொடி அருந்தினால்தான் தசை வளரும் என்று நண்பரும் விளம்பரமும் கூற, மகன் டின் வேண்டுமென்கிறான். தந்தையோ தறிக்கூலியிலிருந்தும் விளைச்சல் பணத்திலிருந்தும், சில வேளை கடன் பெற்றும் அதனை வாங்கித் தருகிறார். அச்செலவு அவசியந்தானா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

எவ்வளவு புரதம் வேண்டும்?

1918-ஆம் ஆண்டில் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய்வதற்கெனச் சிறியதோர் ஆய்வுக்கூடம் தோன்றியது. 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குவது அதுவே. அந்நிறுவனம் 2020-இல் வகுத்த அளவின்படி, நாளொன்றுக்கு 13 முதல் 15 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு 45 கிராம், பெண்பிள்ளைக்கு 43 கிராம் புரதம் வேண்டும். 16 முதல் 18 வயது வரை முறையே 55 கிராமும் 46 கிராமும் வேண்டும்.

நாள்தோறும் கடுமையாகப் பயிற்சி செய்வோர்க்கு இதனினும் சற்று மிகுதியாகத் தேவைப்படலாம். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை எனக் கொள்வது போதுமானது. 1.6 கிராமுக்கு மேற்பட்ட புரதத்தால் தசை மேலும் பெருகுவதில்லை என்று அந்நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி கூறுகிறது. ஆகவே 55 கிலோ எடையுள்ள பையனுக்கு 66 முதல் 88 கிராம் போதும்.

அடுக்களையில் கிடைப்பது

ஒரு நாளில் அவன் உண்ணும் பொருள்களைச் சமைக்குமுன் நிறுத்துப் பார்ப்போம்:

அரிசி 300 கிராம் – புரதம் 24 கிராம்
கேழ்வரகு 60 கிராம் – 4 கிராம்
துவரை, உளுந்து முதலிய பருப்பு 60 கிராம் – 13 கிராம்
கொண்டைக்கடலை 40 கிராம் – 7 கிராம்
வேர்க்கடலை 30 கிராம் – 7 கிராம்
பாலும் தயிருமாக 300 மில்லி – 9 கிராம்
முட்டை ஒன்று – 6 கிராம்

மொத்தம் 70 கிராம். முட்டை உண்ணாத இல்லங்களில் அதற்கு ஈடாகப் பருப்பையும் தயிரையும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். பயிற்சி மிகுந்த நாளில் மேலும் ஒரு முட்டையும் 100 கிராம் மீனும் சேர்த்தால் 95 கிராமைத் தாண்டிவிடும்.

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைந்த மெத்தியோனின் அரிசியில் உண்டு. நம் முன்னோர் இட்லியில் உளுந்தையும் சோற்றுடன் சாம்பாரையும் சேர்த்தது இவ்வகையில் மிகப் பொருத்தமானது.

தசை எவ்வாறு வளர்கிறது?

புரதம் மட்டும் தசையாகிவிடாது. பாவு இன்றி ஊடை மட்டும் இருப்பின் துணி உண்டாகுமோ? பயிற்சியே தசையை வளரத் தூண்டுகிறது. சோறும் சிறுதானியமும் உழைப்புக்கான சக்தியைத் தருகின்றன. வளர்ச்சிப் பணி உறக்கத்திலும் ஓய்விலும் நிகழ்கிறது. காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பொடியைக் கரைத்துக் குடிக்கும் பையனின் உடல், அப்புரதத்தில் ஒரு பகுதியை விறகைப்போல் எரித்துவிடும். தேவைக்கு மிஞ்சிய புரதமும் சேமித்து வைக்கப்படுவதில்லை. அதன் கழிவைச் சிறுநீரகம் வெளியேற்ற நேர்கிறது. எஞ்சிய பகுதி எரிசக்தியாகவோ கொழுப்பாகவோ மாறுகிறது.

விலைக் கணக்கு

ஒரு கிலோ டின்னின் விலை 2,400 ரூபாய் என்றும், அதில் 720 கிராம் புரதம் உள்ளதென்றும் கொள்வோம். ஒரு கிராம் புரதத்தின் அடக்கம் 3 ரூபாய் 33 காசு. கொண்டைக்கடலை கிலோ 120 ரூபாய் எனின், அதிலுள்ள சுமார் 190 கிராம் புரதத்திற்குக் கிராமுக்கு 63 காசே ஆகிறது. கடலைப் புரதம் பாற்புரதத்தைப் போல முழுமையாக ஜீரணமாவதில்லை என்பது மெய்யே. அதற்காகக் கால் பங்கைக் கழித்தாலும் 84 காசுதான். விலை ஊருக்கு ஊர் வேறுபடுமாதலால், அங்கத்தினர்கள் தத்தம் ஊர் விலையை இட்டு இக்கணக்கைச் செய்து பார்த்தல் நலம்.

பொடியில் உள்ள ஐயங்கள்

மேற்கண்ட 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி, உடலைப் பெருக்குவதற்காகப் புரதப் பொடிகளை உட்கொள்ள வேண்டாம் என அறிவுறுத்துகிறது. அவற்றில் சர்க்கரையும், செயற்கை இனிப்பும், பிற சேர்க்கைகளும் இருக்கக்கூடும். நம் நாட்டில் விற்கப்பெறும் 36 பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு மேலுறையில் கண்டபடி இல்லை எனத் தெரியவந்தது. விரைவில் தசை பெருக்குவதாகக் கூறும் சில சரக்குகளில் ஹார்மோன் மருந்துகள் மறைவாகக் கலந்திருந்ததும் பிற நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. வளரும் பருவத்தில் இவற்றால் விளையும் தீங்கு பெரிது.

நோயினாலோ வேறு காரணத்தினாலோ போதிய உணவு கொள்ள இயலாத பிள்ளைக்கு மருத்துவர் பொடியைப் பரிந்துரைப்பாராயின் அது வேறு. சிறுநீரகக் கோளாறு உடையோர் மருத்துவரைக் கேளாது புரதத்தைக் கூட்டலாகாது.

நாம் செய்யத்தக்கது

கடலையும் பயறும் விளைவிக்கும் அங்கத்தினர் சிலர், களத்திலேயே அனைத்தையும் விற்றுவிடுகின்றனர். ஆண்டுக்கு வேண்டிய அளவை வீட்டிற்கென முதலில் ஒதுக்கி, நன்கு உலர்த்தி, பூஞ்சை படாமல் காத்தல் வேண்டும். நெசவாளர் இல்லங்களுக்குக் கூட்டுறவு நியாயவிலைக் கடையின் சலுகை விலைத் துவரம்பருப்பு உதவும். பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிடாமல் பிள்ளைகளுக்கென ஓர் ஆழாக்கேனும் நிறுத்திக்கொள்ளல் நன்று. முட்டையும் பாலும் மகனுக்கே முதலில் என்னும் வழக்கமும் நீங்க வேண்டும். கபடி ஆடும் மகளுக்கும் அவை வேண்டும், கீரையும் வேண்டும்.

டின்னுக்காகப் பெற்ற கடனுக்கு வட்டியும் உண்டு. அதே தொகை பருப்பாகவும் பாலாகவும் முட்டையாகவும் அடுக்களைக்கு வருமாயின், ஒரு பிள்ளைக்கு மட்டுமன்றிக் குடும்பம் முழுமைக்கும் வலிவு சேரும்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டியவை

1. உங்கள் பிள்ளையின் எடைக்கு நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும்?
2. நேற்று வீட்டில் உண்டவற்றில் எவ்வளவு கிடைத்தது? குறைவாயின் எப்பொருளால் நிரப்பலாம்?
3. உங்கள் ஊரில் பருப்பு, முட்டை, பொடி ஆகியவற்றில் ஒரு கிராம் புரதத்தின் விலை என்ன?