பல்லைப் பிடுங்குவதா, காப்பதா?

'பல் போனால் சொல் போச்சு' என்பது முன்னோர் வாக்கு. ஆயினும், தேர்வு நேரத்தில் கடைவாய்ப்பல் வலித்தால், "பிடுங்கிவிட்டால் போதும்" என்றே நமக்குத் தோன்றும். பிடுங்குவது பெரும்பாலும் ஒரே நாளில் முடியும், செலவும் குறைவு. வேர்ச் சிகிச்சைக்குச் சில முறை செல்ல நேரும், கட்டணமும் கூடும். எனினும், முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை சில உண்டு.

பல்லின் மேலுறை எனாமல். அதனுள் டென்டின். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பல்கூழ். சொத்தை ஆழமாகாதவரை அடைத்தாலே போதும். பல்கூழ் கெட்டுவிட்டால் அதை அகற்றி, வேர்க்குழாயைத் தூய்மைசெய்து அடைப்பார்கள். இதுவே வேர்ச் சிகிச்சை. கடைவாய்ப்பல் உடையாதிருக்க அதன்மேல் பெரும்பாலும் உறையும் பொருத்துவர்.

கடுமையாக வலித்த பல் சிகிச்சையின்றித் தானே அடங்கினால், குணமாகிவிட்டதென்று எண்ண வேண்டாம். பல்கூழ் இறந்திருக்கலாம், கிருமிகள் வேர்நுனியைத் தாக்கிக்கொண்டிருக்கலாம். வலிமாத்திரை நோயின் மூலத்தை அகற்றாது.

மருத்துவரிடம் எக்ஸ்ரே படத்தைக் காட்டச் சொல்லி, மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. ஈறுக்கு மேல், உறையைத் தாங்க, சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரமாவது நல்ல பல் எஞ்சியுள்ளதா?

2. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு உறுதியாக உள்ளதா?

3. வேர் நெடுக்காகப் பிளவுபடாமல் உள்ளதா?

மூன்றுக்கும் 'ஆம்' என்றால் காப்பதே நன்று. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் பெரும்பாலும் பிடுங்குவதே முறை. அப்பல்லுக்குச் செலவழிப்பது வீண்.

பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப்பல் இடம்பெயரலாம், அவ்விடத்துத் தாடை எலும்பும் தேயும். பின்னர்ப் பாலமோ இம்ப்ளாண்டோ வைக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஞானப்பல்லுக்கு மட்டும் பொதுவாக மாற்றுப்பல் தேவையில்லை.

உடனே முடிவெடுக்க இயலாவிட்டால், பல்கூழை அகற்றித் தற்காலிகமாக அடைத்து வலியைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். ஆனால், அப்படியே மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பணம்தான் தடையா? மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பல் மருத்துவப் புலங்கள் உள்ளன. அங்கு மாணவர்கள் விரிவுரையாளர் மேற்பார்வையில் சிகிச்சை அளிக்கின்றனர். பிடுங்க ஒப்புக்கொள்ளும் முன் அங்கும் விசாரித்துப் பாருங்கள், நண்பர்களே!