இரவல் காணியிலும் பூக்கும் ஆவரசு

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களோடு பயிர் வைப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "இது எங்கட காணியில்லையே, இதில என்னத்தை நடுகிறது?" இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. தென்னை காய்க்க ஆறேழு வருடம் வேண்டும்; அதுவரை இந்த வளவில் இருப்போமா என்பது யாருக்கும் தெரியாது. மிளகாயும் வெங்காயமும் மூன்று நான்கு மாதத்தில் பலன் தரும். ஆனால் அவற்றுக்குக் கிணறும் இறைப்பும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில், தண்ணீர் கேளாமல், காவல் கேளாமல், சில வருடங்கள் இருந்து பயன் தரும் செடி ஏதும் உண்டா?

உண்டு. அது நாம் நாள்தோறும் தெருவோரத்தில் கண்டும் காணாமல் போகும் ஆவரசு. இப்பாடத்தில் அதனை வளர்க்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் பார்ப்போம். அதனால் ஆகாத காரியங்கள் எவை என்பதையும் மறைக்காமல் சொல்வோம்.

செடியை இனங்காணுதல்

ஆவரசு, ஆவரை, ஆவாரை என்று பல பெயரால் இதனை அழைக்கிறோம். சிங்கள மக்கள் ரணவரா என்பர். மன்னார், வவுனியா, புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற வரண்ட பகுதிகளில் தானாகவே வளர்கிறது. பல்லாண்டு வாழும் புதர்ச் செடி. பெரும்பாலும் இடுப்பளவு முதல் ஆளுயரம் வரை வளரும். பொன்மஞ்சள் நிறத்தில் ஐந்து இதழ்ப் பூக்கள் கிளை நுனியில் கொத்தாக மலரும்.

மஞ்சள் பூவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பின்வரும் மூன்று அடையாளங்களும் சேர்ந்திருக்க வேண்டும்.

1. ஓர் ஈர்க்கில் 8 முதல் 12 சோடி வரை சிறிய இலைகள் இருக்கும். அவற்றின் நுனி மழுங்கியிருக்கும்.

2. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது போன்ற அகன்ற சிற்றிலைகள் இரண்டு இருக்கும். இதன் தாவரவியற் பெயரில் வரும் 'ஓரிகுலாட்டா' என்ற சொல்லின் பொருளே 'காதுள்ளது' என்பதுதான்.

3. காய் தட்டையாகவும் கடதாசிபோல் மெல்லியதாகவும் 3 முதல் 4 அங்குல நீளமாகவும் இருக்கும். உள்ளே விதை இருக்கும் இடங்கள் வெளியே புடைத்துத் தெரியும்.

இதன் உறவுச் செடியான பேயாவரையும் மஞ்சளாகவே பூக்கும். அதன் இலைகள் 4 முதல் 6 சோடிதான். பெரியவை, நுனி கூரானவை. கசக்கினால் கெட்ட நாற்றம் வீசும். காய் ஒடுங்கி நீண்டிருக்கும். அதன் விதை நஞ்சுள்ளது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் அவ்விதையைத் தின்ற சிறு பிள்ளைகள் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டு இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேலியோரத்தில் வளரும் மஞ்சள் அலரி அதனினும் கொடியது. அதனை முறித்தால் பால் வடியும். ஆவரசில் பால் இல்லை. இவ்வேறுபாடுகளைப் பிள்ளைகளுக்குச் செடிகளருகே கூட்டிச் சென்று காட்டிக் கொடுங்கள்.

இரவல் காணிக்கு ஏன் பொருந்தும்?

ஆவரசின் ஆணிவேர் ஆழமாகச் செல்வதால் வைகாசி, ஆனி வெயிலிலும் செடி பச்சையாக நிற்கும். மணல் நிலம், கற்பாங்கான நிலம், கடற்கரைக்கு அண்மையான உவர் நிலம் ஆகியவற்றையும் தாங்கும். தாங்காதது ஒன்றுதான்: தேங்கி நிற்கும் தண்ணீர். மாடு இதனை விரும்பிக் கடிப்பதில்லை. வேறு பச்சை இல்லாத காலத்தில் ஆடு கொழுந்தைக் கடிக்கும். ஆகவே முதல் மாரி முடியும் வரை சிறிது காவல் தேவை.

இதற்குச் செலவு ஒரு பிடி விதை மாத்திரமே. நாளை சொந்தக் காணிக்குத் திரும்பினால், ஒரு சீலைத் துண்டில் விதையை முடிந்து கொண்டு போகலாம். தென்னையை அப்படிக் கொண்டு போக முடியாது.

விதைத்தலும் வளர்த்தலும்

நன்கு முற்றிக் காய்ந்த காய்களைச் செடியிலிருந்தே பறியுங்கள். விதை தேடிப் பற்றைக் காடுகளுக்குள் போக வேண்டாம். மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத இடங்களில் ஒரு பிடி விதைக்காகக் காலை இழக்கலாகாது. தெருவோரத்திலும் அயல் வளவுகளிலும் கிடைக்கும் விதையே போதும்.

விதையின் தோல் கடினமானது. அப்படியே விதைத்தால் சில முளைக்கும், பல மாதக்கணக்கில் உறங்கும். எனவே தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கி, சிறிது ஆறவிட்டு, விதையை அதில் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் ஊதிப் பருத்த விதைகளை விதைக்கலாம். ஊதாதவற்றைக் கரடான கல்லில் மெல்ல உரசி மீண்டும் ஊற வையுங்கள்.

புரட்டாதிக் கடைசியில் அல்லது ஐப்பசியில், முதல் மழை மண்ணை நனைத்ததும் விதையுங்கள். குழிக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழம் போதும். வேலியாக வைப்பதானால் ஒன்றரை அடிக்கு ஒரு குழி. குழைக்காக வைப்பதானால் மூன்றடிக்கு ஒரு குழி. ஆணிவேர் நீளமாக ஓடுவதால் பிடுங்கி நட்ட கன்று எளிதில் வாடிவிடும். நாற்று வளர்க்க விரும்பினால் பொலித்தீன் பையில் வளர்த்து, மண் உதிராமல் நடுங்கள்.

முதல் மூன்று மாதம் புல்லைப் பிடுங்கி விடுங்கள். மாரி இடையில் பொய்த்தால் வாரம் ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன்பின் இறைப்பு வேண்டாம். முதல் வருடம் வெட்டாமல் விடுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து முழங்கால் உயரத்தில் வெட்டினால் அடியிலிருந்து பல கிளைகள் தளிர்க்கும்.

வெண்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இலையில் முட்டையிடும். அவற்றின் பச்சைப் புழுக்கள் சில செடிகளை மொட்டையாக்கும். மருந்து அடிக்க வேண்டாம். கையால் பொறுக்கினால் போதும், செடி மீண்டும் தளிர்க்கும். மருந்தடித்த செடியின் பூவை வாயில் வைக்கவும் கூடாது.

குளக்கட்டில் ஆவரசை நடாதீர்கள். ஆழமாக ஓடும் வேர் பின்னர் உக்கும்போது கட்டினுள் நீர் கசிய வழியாகும்.

குழையாகப் பயன்படுத்தல்

உர விலை ஏறும்போதெல்லாம் எமது பெற்றோர் செய்த குழை தாழ்த்தலை நாம் மீண்டும் நினைக்கிறோம். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது, குழையும் எருவும் கையில் இல்லாத விவசாயிகள் எவ்வளவு தவித்தார்கள் என்பதை நாம் அனைவரும் கண்டோம். குழைச் செடிகளைத் தேவை வருமுன்பே வளர்த்து வைக்க வேண்டும் என்பதே அவ்வருடம் தந்த பாடம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ஆவரசு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால், பயறு, சணல் போல வேர் முடிச்சினால் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குத் தரும் என்று பலர் சொல்வர். அப்படியல்ல. ஆவரசின் வேரில் அம்முடிச்சுகள் உண்டாவதில்லை. ஆழத்திலுள்ள சத்தை வேரால் எடுத்து இலையில் சேர்த்து வைப்பதே அது செய்யும் வேலை. எனவே செடி வெறுமனே நிற்பதால் மண் வளம் பெறாது. குழையை வெட்டி மண்ணில் இட்டால்தான் பயன்.

பூக்கும் முன் இளங்கிளைகளாக வெட்டுங்கள். முற்றிய தடிகளை விறகுக்கு ஒதுக்குங்கள். ஆவரசில் துவர்ச்சத்து மிகுதி. தென்னிந்தியாவில் இதன் பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்தியது அதனால்தான். துவர்ப்புள்ள குழை மெதுவாகவே உக்கும். ஆகையால் சிறிதாகக் கொத்தி, மாட்டெருவோடு கலந்து, பாத்தியில் அரையடி ஆழத்தில் தாழ்த்தி, ஈரமாக வைத்து, மூன்று வாரம் கழித்தே கன்று நடுங்கள். அவசரப்பட்டு நட்டால், உக்கும் குழையே மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ள, கன்று மஞ்சளிக்கும்.

கத்தரித் தோட்டத்துக்கு மற்றுமொரு நன்மை உண்டு. ஆவரசம் பூவில் தேன் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு. மரத்தில் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டு பூவைப் பிடித்து இரைந்து அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கிறது. கத்தரிப் பூவின் மகரந்தமும் இவ்வாறு அதிர்ந்தே நன்கு உதிரும். கத்தரி பூக்காத காலத்திலும் அருகே ஆவரசு பூத்து நின்றால் வண்டு அவ்விடத்தை விட்டுப் போகாது.

பூவைப் பயன்படுத்தல்

காலையில் பனி உலர்ந்ததும் புதிதாக மலர்ந்த பூக்களைப் பறியுங்கள். புகையும் தூசும் படியும் பெருந்தெருவோரச் செடிகளை விடுங்கள். பூச்சியும் காம்பும் நீக்கி, சுத்தமான பாயில் மெல்லிதாகப் பரப்பி, நிழலில் காய வையுங்கள். தினம் புரட்டி விடுங்கள். விரலால் நெரித்தால் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததைக் கொட்டி விடுங்கள்.

ஒரு கோப்பைக் கொதிநீரில் ஒரு தேக்கரண்டி காய்ந்த பூவைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து வடித்தால் நல்ல பானம் கிடைக்கும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். தேயிலை வாங்க வசதியில்லாத நாட்களில் இது கைகொடுக்கும். இதழ்களைப் பருப்போடு சேர்த்துக் கறியாக்குவோரும் உளர். காய்ந்த பூவை இடித்துப் பயற்றம் மாவோடு கலந்தால் தேய்த்துக் குளிக்க உதவும். ரணவரா என்ற பெயரில் இது கடைகளில் பைகளில் விலைப்படுகிறது. விற்க விரும்புவோர் நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து ஒரே தரத்தில் காய வைத்து, முதலில் அருகிலுள்ள கடையில் கேட்டறிந்த பின் தொடங்குவது நல்லது.

மருந்துக் குளிசையை விடாதீர்கள்

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பது பழமொழி. செடியின் மேல் எம் முன்னோர் வைத்த மதிப்பை அது காட்டுகிறது. ஆனால் பழமொழி வைத்தியச் சீட்டு ஆகாது.

நாம் சந்தித்த ஒரு தாய்க்கு நீரிழிவு. கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது என்று குளிசையை நிறுத்திவிட்டு ஆவரசம் பூ மட்டும் குடித்து வந்தா. மூன்றாம் வாரம் மயங்கி விழுந்தா. பிள்ளைகள் உரிய நேரத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதால் தப்பினா. "பூ நல்லதுதான், நான்தான் அதிட்ட கூடக் கேட்டுட்டன்" என்று பின்னர் எம்மிடம் சொன்னா.

ஆவரசு விலங்குகளில் இரத்தச் சீனியைக் குறைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனாலேயே கவனமும் வேண்டும். நீரிழிவுக் குளிசை எடுப்பவர் இதனை நாள்தோறும் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சிக் குறையவும் கூடும். வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெப்பின் என்ற மருந்தின் அளவை இப்பானம் இரத்தத்தில் கூட்டியதாக எலிகளில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. நாளாந்தம் மருந்து எடுப்போர் வைத்தியரிடம் சொல்லிவிட்டே குடிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது. இலையையும் விதையையும் நீங்களாகவே மருந்தாக்க வேண்டாம். அவை வயிற்றைப் போக்கக் கூடியவை.

நடுவதற்கு முன் ஒரு சொல்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், அதே வருடம் ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கிய முஸ்லிம் குடும்பங்கள், வன்னியில் பலமுறை இடம் மாறியவர்கள் எனப் பலர் பிறர் காணியில் வாழ்ந்து பழகியவர்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2012 செப்ரெம்பரில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. ஆயினும் சொந்த மண்ணுக்குத் திரும்பாத குடும்பங்கள் இன்றும் உண்டு.

இரவல் காணியில் வேலி நடுவது சில வேளை சண்டையில் முடியும். ஆகவே முதலில் காணிக்காரரிடம் கேளுங்கள். "இது மரமல்ல, உரிமை கேட்டு நடவில்லை, வேண்டாமென்றால் வெட்டி விறகாக்கலாம்" என்று விளக்கிச் சொல்லுங்கள். எல்லையில் நடாமல் மூன்றடி உள்ளே தள்ளி நடுங்கள். பூவிலும் குழையிலும் அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள். நீங்கள் போகும் நாளில் செழித்த வளவொன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, விதையை உங்களோடு எடுத்துச் செல்லலாம்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது ஊரில் ஆவரசு எங்கெங்கே நிற்கிறது? அவ்விடங்கள் பாதுகாப்பானவையா?

2. ஆவரசுக்கும் பேயாவரைக்கும் உள்ள மூன்று வேறுபாடுகளை எமது பிள்ளைகள் சொல்வார்களா?

3. கிளினிக்குக்குப் போக வசதியில்லாமல் குளிசையை நிறுத்தியவர் எமது அயலில் உண்டா? அவரை முறை வைத்து யார் கூட்டிச் செல்வது?

4. வரும் ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிரட்டை விதை சேர்க்க முடியுமா?